நுரையீரல் ஒலியைப் பதிவு செய்வது ஏன்?

1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லென்னெக் என்னும் மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பொலியைக் கேட்டார். அதிலிருந்தே ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. எனினும், அதன்வழிக் கேட்ட ஒலி அக்கணமே மறைந்துவிடும். டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப் அதைப் பதிவு செய்கிறது. முந்தைய பதிவோடு ஒப்பிடவும், தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பவும் அப்பதிவு உதவுகிறது. மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த குழுவினர் உருவாக்கிய இத்தகைய கருவி, 2020இல் கோவிட் பரவிய காலத்தில் பயனுக்கு வந்தது.

ஒலிகள் உணர்த்துவன

மூச்சுக்குழல் சுருங்கினால் சீழ்க்கை போன்ற இரைப்பொலி எழும். ஆஸ்துமாவிலும், புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் நோயிலும் இதைக் கேட்கலாம். காதருகே தலைமயிரை விரல்களால் தேய்ப்பது போன்ற நொறுநொறுப்பொலி நிமோனியாவிலும், நுரையீரல் தழும்பிலும், நீர்க்கோப்பிலும் கேட்கும்.

கடும் ஆஸ்துமாவில் மூச்சுத்திணறல் நீடிக்கும்போதே இரைப்பொலி அடங்கிவிட்டால், நோய் தணிந்ததாக எண்ணற்க. காற்று உட்செல்லவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

நூற்பாலைத் தொழிலாளர் கவனத்திற்கு

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் பணிபுரிவோர் எங்களிடம் தம் தொழிலைத் தவறாமல் கூறவேண்டும். பஞ்சுத்தூசியால் வரும் பைசினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகும். அடுத்தடுத்த நாள்களில் அது தணியும். ஓய்வுநாளில் மார்பொலி இயல்பாகவே இருக்கக்கூடும். ஆகவே, பணிக்கு முன்னும் பின்னும் செய்யும் ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுத்திறன் சோதனையும் தேவைப்படலாம்.

பதிவின்போது

தடித்த மேலாடையைத் தளர்த்துங்கள். பேசாமல், வாயைத் திறந்து, சீராக ஆழ்ந்து மூச்சு விடுங்கள். தலைசுற்றினால் உடனே சொல்லுங்கள். குழந்தையை மடியில் அமர்த்தி, அழுகை அடங்கும்வரை பொறுத்திருங்கள். மின்விசிறியை நிறுத்துவதும் கைப்பேசியை அணைக்கச் சொல்வதும் பிற ஒலிகள் கலவாமலிருக்கவே.

பதிவு மட்டும் போதுமா?

போதாது. காசநோய் உள்ளவருக்கும் மார்பொலி இயல்பாகவே இருக்கக்கூடும். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அவசியம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பதிவில் ஒலி நன்றாக உள்ளது என்று கேட்டதும் இச்சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் இன்ஹேலரையும் மருந்துகளையும் நிறுத்தாதீர்கள்.