மூச்சை விடுறதுதான் கஷ்டம்

ரெண்டு மாடி ஏறினாலே அப்பாவுக்கு மூச்சு வாங்குதா? "வயசாச்சுப்பா"ன்னு சொல்றாரா? சிகரெட், பீடி பழக்கம் இருந்தாலோ, பாட்டி மாதிரி வருஷக்கணக்கா விறகு அடுப்புப் புகையில சமைச்சிருந்தாலோ, ஒரு ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. முழுசா மூச்சிழுத்து வேகமா ஊதணும். வெளியே வர்ற மொத்தக் காற்றுல முதல் செகண்டுல வர்றது 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா, சி.ஓ.பி.டி-யான்னு டாக்டர் பார்ப்பார்.

இந்த நோயில காற்று உள்ளே போறதைவிட வெளியே வர்றதுதான் பிரச்சினை. மூச்சு விடும்போது சின்னக் குழாய்கள் மூடிக்கும். பழைய காற்று உள்ளேயே மாட்டிக்கும். விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதச் சொல்றது அதுக்குத்தான். வால்வைப் பாதி மூடினா பின்னாடி பிரஷர் ஏறுமே, அதே லாஜிக். அந்த பிரஷர் குழாய்களைத் திறந்தே வச்சிருக்கும்.

சேதமான நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனா புகையை விட்டா, மேற்கொண்டு கெடுற வேகம் குறையும். ஆரம்ப நிலையில காப்பாத்த நிறைய மிச்சம் இருக்கு.

மூச்சு வாங்குதேன்னு நடக்கிறதை நிறுத்தினா இன்னும் மோசம். கால் தசை பலவீனமாகும், அப்புறம் கொஞ்ச தூரத்துக்கே மூச்சு வாங்கும். வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசியும் முக்கியம்.

நம்ம வீடுகள்ல இன்ஹேலர்னாலே பயம், "பழகிடும்"னு. அடிமையாக்குற மருந்து இல்லங்க அது. சால்பியூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம்; இன்ஹேலர்ல ஒரு பஃப் வெறும் 100 மைக்ரோகிராம், அதுவும் நேரா நுரையீரலுக்கு. அமுக்கும்போதே மெதுவா இழுத்து, 10 செகண்ட் அடக்கி வைக்கணும். அவசரமா இழுத்தா மருந்து தொண்டையிலேயே நின்னுடும்.