கார்காலத்து மனச்சோர்வு



ஐப்பசியில் தாம்பரத்து வானில் மேகம் கவிந்தால் என் உள்ளத்திலும் இருள் கவியும். புத்தகத்தைத் திறந்தால் வரி ஓடாது, உறக்கம் நீளும், ஊக்கம் குன்றும். நெடுநாள் இதனைச் சோம்பல் என்றே எண்ணி என்னை நானே கடிந்துகொண்டேன். அது தவறு.

குளிர் நாடுகளில் பனிக்காலப் பகல் மிகக் குறுகும். அப்பருவந்தோறும் சிலருக்கு மனச்சோர்வு வந்து செல்வதை நார்மன் ரோசந்தாலும் அவருடைய கூட்டாளிகளும் 1984-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். நம் ஊரிலோ நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேற்றுமை. பின் இச்சோர்வு ஏன்? நாட்கணக்கில் கதிரவனைக் காணாமை, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடத்தல், இவற்றோடு அச்சமும் சேர்கிறது. 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பெருகி முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதைக் கண்டவர்க்குச் சிறு தூறலும் கலக்கம் தருவது இயல்பேயன்றோ?

இப்பொழுது நான் செய்வது இதுதான். காலையில் மழை விட்டதும் வெளியே அரைமணி நேரம் நடக்கிறேன். மேகம் மூடிய வானத்திலும் அறை விளக்கைவிடப் பன்மடங்கு ஒளி உண்டு. உறங்கி எழும் வேளையை மாற்றுவதில்லை. சான்றிதழ்களை முன்னதாகவே மேல் பரணில் வைத்துவிடுகிறேன். அச்சம் பாதி அடங்குகிறது. நண்பரிடம் மனம்விட்டுப் பேசுகிறேன்.

சோர்வு இரு வாரம் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். வாழ்வே வெறுத்தால் ஒருநாளும் காத்திராதீர்கள். 14416 என்னும் எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாம் நாணுவதில்லை. இதற்கும் நாண வேண்டுவதில்லை.