பாட்டுப் பெட்டிக்கும் காற்று வேண்டும்

காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும் பக்திப் பாடல் போடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். இரவு வீட்டுக்குப் போனால் அங்கே ஹோம் தியேட்டர். இப்படி நாளெல்லாம் உழைக்கும் ஆம்ப்ளிஃபயரை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்து, பூவேலைத் துணி போர்த்தி, அதன் மேல் செட்டாப் பாக்ஸையும் ஏற்றி வைக்கிறோம். கோடையில் அது என்ன பாடுபடும்!

வெங்காய மூட்டைகளைச் சுவரோடு நெருக்கி அட்டி போட்டால் நடுவிலுள்ள சரக்கு வெந்து அழுகும் என்பது நமக்குத் தெரியும். அதனால் அடியில் கட்டை போட்டு, இடையில் சந்து விடுகிறோம். ஆம்ப்ளிஃபயருக்கும் இதே கணக்குதான்.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ‘ஏபி’ வகுப்பு என்னும் பழைய முறைச் செட்டுகளில், சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது பெரும்பங்கு சூடாகவே வெளியேறுகிறது. அதை வெளியே தள்ளத்தான் அலுமினியத் தகடுகளால் ஆன ஹீட் சிங்க் இருக்கிறது. புதிய ‘டி’ வகுப்புச் செட்டுகளில் இந்த நஷ்டம் மிகக் குறைவு; ஆனாலும் அவற்றுக்கும் காற்று வேண்டும்.

உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களுக்குச் சூடுதான் எமன். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொது விதி. வாரன்டி முடிந்தபின் வரும் இரைச்சலுக்கும் ஹம் சத்தத்துக்கும் பல நேரம் இதுவே காரணம்.

நாம் செய்ய வேண்டியவை

செட்டின் மேலும் பக்கங்களிலும் பின்னாலும் 10 சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். மேலே எதையும் வைக்காதீர்கள். அலமாரிக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால் பின்பலகையில் கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் வெட்டுங்கள். குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடான காற்று மேலே வெளியேறும். மேல் திறப்பில் கம்ப்யூட்டருக்குப் போடும் சிறு விசிறியை, காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தினால் இன்னும் நல்லது.

மளிகைக் கடையில் தூசிக்குப் பஞ்சமில்லை. மிளகாய்த் தூளும் மாவும் காற்றுத் துவாரங்களை அடைக்கும்; கரப்பானும் உள்ளே குடியேறும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் துவாரங்களைத் துடையுங்கள். மூடியைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஸ்பீக்கர் கணக்கில் கவனம்

வாசலுக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று என்று ஸ்பீக்கர்களைச் சேர்த்துக்கொண்டே போவது நம் வழக்கம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பாகக் கொடுத்தால் 4 ஓம். நான்கைக் கொடுத்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிகக் கரண்ட் தள்ளி, அதிகம் சுடும். செட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் கீழே போகக் கூடாது. நான்கு ஸ்பீக்கர் வேண்டுமானால் இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு ஜோடிகளைப் பக்கமாக இணைத்தால் மறுபடி 8 ஓம்தான் வரும்.

எச்சரிக்கை

செட்டு வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, பாடிக்கொண்டிருக்கும்போது தானே நின்று ஆறியபின் மீண்டும் பாடினாலோ, அது நம்மைக் கூப்பிட்டுச் சொல்கிறது என்று பொருள். மறுபடி மறுபடி சுவிட்சைப் போடாதீர்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும்; கம்பி சுற்றுவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

கடை அடைக்கும்போது ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. சுவர் சுவிட்சையும் அணையுங்கள். சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் நிறைந்த இடம் நம்முடையது. இரவில் பூட்டிய கடைக்குள் ஒரு பொறி விழுந்தால், பார்க்க ஆளிருக்காது. செட்டு போனால் இன்னொன்று வாங்கலாம். சரக்கும் கடையும் போனால்?