பழைய காருக்கு மின்விசிறி பொருந்துமா?

மொறிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே அறிமுகமாயிற்று. அதன் உற்பத்தி 1971இல் முடிவுற்றபோதிலும், இலங்கை வீதிகளில் அஃது ஓடுவதை நாம் இன்றும் காண்கின்றோம். அதன் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பூட்டலாமா என்பது அத்தகைய கார் வைத்திருப்போர் பலரின் ஐயம். அதனைச் சிறிது ஆராய்வோம்.

பெற்றோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை நீர் சுமந்துசென்று ரேடியேற்றரிலே சேர்க்கின்றது. கார் விரைந்தோடும்போது எதிர்க்காற்றே அவ்வெப்பத்தை அகற்றிவிடும். கார் நிற்கும்போதும் ஊரும்போதுமே விசிறி இன்றியமையாததாகின்றது.

1950களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த மைனரில் ஒரே பெல்ற் டைனமோவையும் நீர்ப்பம்பியையும் சுழற்றுகின்றது. விசிறி பம்பியின் முகப்பிலே பூட்டப்பட்டுள்ளது. ஆகவே இயந்திரம் விரைந்தால் விசிறியும் விரையும். தளர்ந்தால் அதுவும் தளரும். கடுகண்ணாவை ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் ஏறும் காருக்கு இது நன்று. கொழும்பு நெரிசலில் நிற்கும் காருக்கோ போதாது. நெடுவழியில் இவ்விசிறி தேவையின்றியே வலுவை உண்ணும். விசிறியின் வேகம் இருமடங்காயின் அது வாங்கும் வலு எட்டு மடங்காகும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

மின்விசிறியில் இக்குறைகள் இல்லை. நீர் சூடேறியதும் வெப்ப ஆளி அதனை இயக்கும். நீர் குளிர்ந்ததும் நிறுத்திவிடும். ஆனால் அதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும்? பழைய டைனமோ நன்கு சுழலும்போதே ஏறக்குறைய 20 அம்பியர்தான் தரும். 12 உவோற்றில் இயங்கும் 100 உவாற்று விசிறியொன்று அதில் 8 அம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இரவிலே முன்விளக்குகளும் ஏறக்குறைய அவ்வளவு கேட்கும். கார் நெரிசலில் நிற்கும்போதோ டைனமோ பெரும்பாலும் ஒன்றுமே தராது. விசிறி மிகவும் வேண்டப்படும் அதே வேளையில் பாரமெல்லாம் பற்றரியின் தலையிலே விழும்.

ஆகவே மின்விசிறி பூட்ட விரும்புவோர் முதலில் டைனமோவுக்குப் பதிலாக ஓல்ற்றனேற்றர் பூட்டுதல் நலம். விசிறிக்குத் தனி உருகியும் வேண்டும். பழைய மைனரில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதைக் கவனியாது கம்பிகளை மாற்றி இணைத்தால் விசிறி எதிர்ப்புறமாகச் சுழன்று, வரும் காற்றையே தடுக்கும். பெல்ற் அறுந்தால் பம்பி நின்றுவிடும். அப்போது மின்விசிறியும் இயந்திரத்தைக் காப்பாற்றாது. இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் சில மின்விசிறிகள் திடீரெனச் சுழலுமாதலால், அவற்றின் அருகே சிறுவர் கைவைக்காது பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இன்னுமொன்று கூறுவோம். நேற்றுவரை பழைய விசிறியோடு நன்றாக ஓடிய கார் இன்று கொதிக்குமாயின், பழியை விசிறிமீது சுமத்துதல் முறையன்று. ரேடியேற்றர் அடைபட்டிருக்கலாம், பெல்ற் தளர்ந்திருக்கலாம், நீர் கசியலாம். நோயை அறியாது மருந்தை மாற்றினால், சிலிண்டர் தலை வளைந்து செலவு பன்மடங்காகும். முதலில் இவற்றைச் சீர்செய்து பார்ப்போம். புதிய விசிறியைப் பற்றிப் பின்னர் எண்ணுவோம்.