விளையாட்டில் வரும் சண்டை எதற்கு?

“நீ அவுட்!”
“இல்லை, நீ என்னைத் தொடவே இல்லை!”

சின்னப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் இடத்தில் இந்த வாக்குவாதம் கட்டாயம் கேட்கும். பெரியவர்கள் உடனே, “சண்டை போடாமல் விளையாடுங்கள்” என்பார்கள். ஆனால், பிள்ளைகள் விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்த வாக்குவாதத்தில்தான். எப்படி என்று பார்ப்போம், மாணவர்களே.

அமெரிக்காவின் மினசோட்டாவில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்த மில்ட்ரெட் பார்ட்டன், தம் ஆய்வை 1932இல் வெளியிட்டார். 2 வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரி பொம்மையை வைத்து விளையாடினாலும், பெரும்பாலும் ஒருவரோடு ஒருவர் சேர்வதில்லை. இதற்கு ‘இணை விளையாட்டு’ என்று பெயர். வயது ஏற ஏற, “நான் டாக்டர், நீ நோயாளி” என்று வேலையைப் பிரித்துக்கொண்டு கூட்டாக விளையாடுவது அதிகமாகிறது.

இதற்கு மூளை வளர்ச்சியும் காரணம். மற்றவர் மனத்தில் இருப்பது நம் மனத்தில் இருப்பதிலிருந்து வேறுபடலாம் என்பது ஏறக்குறைய 4 வயதில்தான் தெளிவாகப் புரியத் தொடங்குகிறது. ஆசையை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதியோ 20 வயதைத் தாண்டியும் வளர்கிறது. அதனால்தான் 5 வயதுத் தம்பிக்குத் தன் முறை வரும்வரை காத்திருப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது.

அதே 1932இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, கோலி விளையாடும் சிறுவர்களைப் பற்றி எழுதினார். விதிகள் தெரியாதவர்போல் நடித்து, தமக்குக் கற்றுத்தரும்படி அவர்களிடம் கேட்டார். “விதியை மாற்றலாமா?” என்றும் கேட்டார். சிறிய பிள்ளைகள், ‘பெரியவர்கள் வகுத்த விதி, மாற்றக்கூடாது’ என்று நினைத்தார்கள். ஆனால், விளையாடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள்! ஏறக்குறைய 10 வயதைத் தாண்டியவர்களோ, எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். விதி என்பது நாம் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இந்தப் புரிதலுக்கு விளையாட்டு எப்படி உதவுகிறது? விளையாட்டில் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. “நான் வரலை” என்று ஒருவன் கிளம்பிவிட்டால் ஆட்டமே நின்றுவிடும். ஆட்டம் தொடர வேண்டுமானால் அவனுக்கும் பிடித்த மாதிரி விதியை மாற்ற வேண்டும். ஓட முடியாத குட்டித் தங்கையை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வதும் இப்படிப்பட்ட ஓர் ஏற்பாடுதான். பிடிபட்டாலும் அவள் அவுட் இல்லை. ஆட்டமும் கெடாது, அவளும் அழமாட்டாள்.

கைப்பேசியில் தனியாக ஆடும் விளையாட்டில் இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. விதியை மென்பொருளே முடிவு செய்துவிடுகிறது. பேசிச் சமாதானம் செய்ய எதிரில் ஆளும் இல்லை.

வீட்டில் தம்பி தங்கைகள் சண்டையிட்டால், நீங்கள் உடனே நீதிபதியாகிவிடாதீர்கள். யாராவது அடித்தாலோ, ஒரே பிள்ளையை எப்போதும் ஒதுக்கினாலோ கட்டாயம் தலையிட வேண்டும். மற்ற நேரங்களில், “ரெண்டு பேருக்கும் சரிவருகிற மாதிரி எப்படி மாற்றலாம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் விதி உங்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்டால் அது போதும்.