காகிதத்துல ஒரு தென்னை வரைஞ்சு பாருங்க

மூன்று வருசத்துக்கு முந்தி ஓர் ஐப்பசியில் எங்க வீட்டு எண்ணெய் 150 லிட்டர் காறிப் போச்சுங்க. ஆயிரத்தைந்நூறு காய்க்கு மேல் உடைச்சு, காய வைச்சு, மரச்செக்கில் கொடுத்து ஆட்டினது. வாங்கினவங்க ஒவ்வொருத்தரா பாட்டிலைத் திருப்பிக் கொண்டாந்தாங்க. காசைத் திருப்பிக் கொடுத்தோம். பாட்டிலுக்கும் லேபிலுக்கும்னு அடகு வைத்த வளையலை மீட்க அடுத்த சித்திரை ஆயிட்டுது.

எங்கே தப்பு? கந்தகப் புகை போடாத கொப்பரை வேணும்னு நினைச்சது தப்பில்லை. பச்சைப் பருப்பில் பாதிக்குப் பாதி தண்ணி. அதை ஆறு சதவீதத்துக்குக் கொண்டு வந்தால்தான் பூஞ்சணம் பிடிக்காது. நல்ல வெயிலில் அஞ்சு நாள், ஏழு நாள் ஆகும். ஐப்பசி மழையில் அந்த வெயிலுக்கு எங்கே போறது? இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிஞ்சது ஒரு மூலையில், செஞ்சது ஒரு மூலையில் கிடந்தது.

அந்தச் சமயத்துலதான் என் மகள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மன வரைபடம் போடச் சொல்லிக் கொடுத்தாள். 1974ல் பிபிசி தொலைக்காட்சி மூலமா டோனி பூசான் என்ற ஆங்கிலேயர் பிரபலப்படுத்தின முறை இது. நடுவில் ஒரு பொருள், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கொப்பு. ஒரு கொப்புக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தை போதும். அவ்வளவுதான் இலக்கணம்.

நான் நடுவில் 'எண்ணெய்'னு எழுதப் போனேன். "அப்பா, எண்ணெய்னு எழுதுனா எண்ணெய் மட்டும்தானுங்க தெரியும். காய்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன். இளநீர், பருப்பு, உள்தண்ணி, தொட்டி, மட்டை, ஓலைன்னு ஆறு கிளை வந்தது. பருப்பிலிருந்து கொப்பரை, எண்ணெய், புண்ணாக்கு, சோப்பு. தொட்டியிலிருந்து கரி, அகப்பை. உள்தண்ணியிலிருந்து வினிகர். கொப்பரைக்கு உடைக்கிற அன்னிக்குக் குடம் குடமா வாய்க்காலில் ஊத்துற தண்ணிங்க அது. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள இருபத்து மூணு கொப்பு ஆயிட்டுது.

இங்கேதான் ஆபத்தும் இருக்குது. இருபத்து மூணையும் பார்த்தால் நாளைக்கே கம்பெனி ஆரம்பிக்கலாம்னு தோணும். அதனால சிவப்புப் பேனா எடுத்து, ஒவ்வொரு கொப்பிலும் நாலு கேள்வி எழுதினோம். எந்த மாசம்? யார் கை வேலை? எவ்வளவு காசு முடங்கும்? வாங்கப் போறது யார்? கடைசிக் கேள்விக்கு 'எல்லாரும்'னு எழுதக் கூடாது. ஆள் பேர் எழுதணும். சோப்புக்கு ஒரு பேர்கூட எழுத முடியலை, அடிச்சாச்சு. நீராவுக்கு உரிமம் வேணும், தினமும் மரமேற ஆள் வேணும். தேங்காய் பறிக்கவே ஆள் இல்லாத ஊரில் அதுவும் போச்சு. தொட்டிக்கரி சுட்டால் பக்கத்துத் தோட்டத்துக்குப் புகை. தொட்டியைத் தொட்டியாவே வித்துக்கலாம்னு விட்டோம்.

மட்டையில்தான் வீட்டுக்குள்ள பெரிய வாக்குவாதம். வண்டியோட களத்துக்கே வந்து கையில காசு கொடுக்கிறாங்க. "ஏனுங்க, வர்ற காசை எதுக்கு வேண்டாங்கறீங்க?" என்று அம்மணி கேட்டது நியாயம். ஆனா மட்டையில் இருக்கிறது சாம்பல் சத்து. அதை வித்துட்டு, மரத்துக்கு எதைக் கொண்டாந்து போடுறது? மட்டைக் கிளையிலிருந்து ஒரு கோட்டை வளைச்சு மரத்தடிக்கே இழுத்தேன், மூடாக்குன்னு எழுதினேன். புண்ணாக்குலயும் அப்படி ஒரு கோடு மாட்டுக்குப் போனது. மாட்டுச் சாணமும் கோமியமும், இன்னொரு கிளையில் இருந்த இளநீரும் பஞ்சகவ்யத்தில் சேர்ந்து திரும்பத் தோப்புக்கே வந்தது. பட்டியலா எழுதியிருந்தால் இந்தக் கோடுகள் கண்ணில் பட்டிருக்காதுங்க. இயற்கை விவசாயிக்கு இந்த முறை ஒத்து வர்றதுக்குக் காரணமே இதுதான்னு நினைக்கிறேன். எதை விற்கக் கூடாதுங்கிறதையும் காட்டிக் கொடுக்குது.

கடைசியில் நின்னது எண்ணெய் மட்டுந்தான். அதுவும் தையிலிருந்து வைகாசி வரைக்கும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் காயாவே வித்துடுறோம். உடுமலையில் நாற்பது குடும்பம் முன்கூட்டியே சொல்லி வைச்சு வாங்குறாங்க. பத்துப் பன்னெண்டு காய்க்கு ஒரு லிட்டர்னு கணக்குப் போட்டு, எவ்வளவு கேட்டாங்களோ அவ்வளவுதான் உடைக்கிறோம்.

கம்ப்யூட்டரிலும் இதைச் செய்யலாம். ஃப்ரீமைண்ட் இலவசம், எக்ஸ்மைண்டும் இருக்குது. தமிழிலேயே தட்டலாம், கிளையை மடக்கி வைக்கலாம், இடம் மாத்தலாம். பிஜிஎஸ் சான்றுக்காக அஞ்சு பேர் குழுவாச் சேர்ந்தவங்க, அஞ்சு தோப்பையும் ஒரே படத்தில் போட்டுப் பார்க்க இது வசதி. ஆனா முதல் படத்தைக் காகிதத்திலேயே போடுங்க, வீட்டில் எல்லாரும் சுத்தி உட்கார்ந்து. போனில் போட்டால் ஒருத்தர்தான் பார்ப்பார். மட்டைச் சண்டை போனில் நடந்திருக்காது.

வினிகர் கொப்பு இன்னும் பென்சிலில்தான் இருக்குது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'தளிப் பண்ணையில கேக்கணும்'னு எழுதி வைச்சிருக்கேன். திருமூர்த்தி மலைப் பக்கம் இருக்கிற தென்னை வளர்ச்சி வாரியப் பண்ணையைத்தான் சொல்றேன். வாங்குறவங்க பேரில் இதுவரை ரெண்டு பேர் தேறியிருக்காங்க. அதில் ஒருத்தர் என் மச்சான். அவரைக் கணக்கில் சேர்க்கலை.