கோவாவின் கிராமத்து மாதா கோவில்கள்

மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் விடுமுறை நாட்களில் கோவாவுக்குச் சென்று வருவது வழக்கமாகிவிட்டது. பழைய கோவாவின் பேராலயங்களைக் கண்டதும் கடற்கரைக்குத் திரும்பிவிடுகின்றனர். மட்காவ் நகருக்குச் சிறிது தொலைவில், வயல்களின் நடுவே வெண்ணிறமாக நிற்கும் பங்குக் கோவில்களை நாடுவோர் மிகச் சிலரே.

குர்தோரிம் கிராமத்தின் கோவில் அவற்றுள் ஒன்று. 1597-ஆம் ஆண்டு எழுந்ததென்பர். ஏரியை ஒட்டி அமைந்தது, சூழ நெல்வயல். இத்தகைய கோவிலைக் காணச் செல்வோர் முதலில் சுவரைக் கவனித்தல் வேண்டும். உள்ளே இருப்பது செம்புரைக்கல். வெட்ட எளியது, ஆனால் நுண்துளைகள் நிறைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாட்டில் அக்கல் போர்வையின்றி நிற்க இயலாது. அப்போர்வைதான் சுண்ணாம்புச் சாந்து. அது நனையும், உலரும். சுவருக்குள் புகுந்த ஈரத்தையும் வெளியே விட்டுவிடும். மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் வெள்ளையடிப்பர். சிமெண்டு பூசினாலோ ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுக் கல்லை அரிக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்பே பல கோவில்களுக்குப் பகையாக முடிகிறது.

பழைய கோவாவில் 1605-இல் நிறைவுற்ற பொம் ஜேசு ஆலயத்தின் கதை வேறு. 1950-களில் பழமைத் தோற்றம் வேண்டி அதன் சாந்தை உரித்தெடுத்தனர். நாம் வியந்து படமெடுக்கும் அந்தச் செந்நிறம் பழமையன்று, தோலுரிந்த புண். அன்று முதல் கல் மழையில் கரைந்து வருகிறது.

சன்னல்களும் பார்க்கத் தக்கவை. கண்ணாடிக்குப் பதிலாக, மரச்சட்டங்களில் மெல்லிய சிப்பித் தகடுகளைச் செருகியிருப்பர். உச்சி வெயிலும் அவற்றின் வழியே பால் நிறமாகவே உள்ளே வரும். உடைந்த சிப்பிக்கு ஈடாகக் கண்ணாடி பொருத்துவது பெருகிவிட்டமையால், மிஞ்சியவற்றை இப்போதே கண்டுகொள்வது நன்று.

இவ்வரலாற்றில் இருளும் உண்டு. 1560-களில் இந்தச் சால்செட் பகுதியின் இந்துக் கோவில்கள் போர்த்துகீசியரால் இடிக்கப்பட்டன. எனினும் புதிய கோவில்களைச் செதுக்கியவை உள்ளூர்க் கைகளே. சில இடங்களில் பிரசங்க மேடையை நாகினி உருவங்கள் தாங்கி நிற்பதைக் காணலாம்!

பூசை முடிந்ததும் கதவு பூட்டப்படுவதுண்டு. ஆதலால் ஞாயிறு காலையில் செல்வதோ, அருகிலுள்ள பங்குக் குருவின் இல்லத்தில் கேட்பதோ நலம். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டா. ‘சாவி’ என்றாலே போதும். கொங்கணியிலும் அதுவே சொல். அதுவும், நம் ‘சன்னலும்’ ‘அலமாரியும்’ போர்த்துகீசியம் தந்த சொற்களே. மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தகைய உறவுகளைக் காண்பதில் தனி மகிழ்ச்சி!

காலம் தேர்ந்து செல்ல விரும்புவோர் ஆகஸ்டு 5-ஆம் நாள் ராயா கிராமத்துக்குச் செல்லலாம். புதுக்கதிரைக் கோவிலுக்குக் கொணர்ந்து குருவிடம் ஆசி பெறும் விழா கோவாவில் முதன்முதலாக அங்கேதான் நடைபெறும். நாஞ்சில் நாட்டின் நிறைபுத்தரிசியை அறிந்தவர்களுக்கு அந்தக் கதிர்க்கட்டு புதிதாகத் தோன்றாது. மழை நாளாகையால் குடையை மறவாதீர்கள். அந்த மழையில் சுவரின் சாந்து என்ன பாடுபடுகிறது என்பதையும் அருகில் நின்று பார்க்கலாம்.